இதயத்தின் எழுத்தைக் காட்டிய ஐந்தோவன்

நாடுகளை வென்ற மன்னர்களின் பெயர்களைப் பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்தோம். எந்த ஆண்டில் எந்தப் போர் நடந்தது என்று கேட்டால் நம்முள் பலர் இன்றும் தயங்காது விடை கூறுவர். ஆனால், மார்பு வலியென்று மருத்துவமனைக்குச் சென்றவுடன் நம் கைகளிலும் கால்களிலும் மார்பிலும் கம்பிகளைப் பொருத்தி, நீண்ட தாளில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு எடுக்கிறார்களே, அந்தக் கோட்டை உலகுக்கு வழங்கியவர் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வரை நானும் அப்பெயரை அறியாதவனாகவே இருந்தேன்.

அறிய நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். என் தமையனார் என்னைவிட ஒன்பது ஆண்டு மூத்தவர். ஒரு தை மாதத்து விடியற்காலையில், ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு வாயிற்படியில் அமர்ந்து, மார்பின் நடுவே கல்லை ஏற்றி வைத்தாற்போல் இருக்கிறது என்றார். இடக்கை கனக்கிறது என்றும் கூறினார். நெற்றி வியர்த்திருந்தது. பெங்களூரின் தை மாதக் குளிரில் விடியற்காலையில் ஒருவருக்கு ஏன் வியர்க்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. முதல் நாள் இரவு உண்ட மொச்சைக் குழம்பினால் வந்த வாயு என்று நானே தீர்ப்பு வழங்கினேன். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து, சற்றுப் படுத்திருக்குமாறு கூறிவிட்டு அலுவலகம் சென்றேன். நண்பகலில் செய்தி வந்தது. மருத்துவமனையில் மருத்துவர் அந்தத் தாளை என்னிடம் காட்டி, இது காலையிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டிய தாள் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் தமையனார் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அந்தத் தாளின் படி ஒன்று இன்றும் என் பெட்டியில் உள்ளது. நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். பள்ளி இறுதி வகுப்போடு நின்று இரயில்வே எழுத்தர் வேலையில் சேர்ந்தவன். ஆயினும் அந்தக் கோட்டில் என்னதான் எழுதியிருந்தது என்று அறியும் வேட்கை என்னை விடவில்லை. தேடிப் படித்தேன்; தெரிந்த மருத்துவர்களைக் கேட்டேன். அவ்வாறு நான் அறிந்துகொண்ட பெரியார் வில்லெம் ஐந்தோவன் என்பவர். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது, அவருடைய வரலாற்றையே எழுதத் துணிந்தேன்.

சாவகத்தில் பிறப்பு

நம் பழந்தமிழ் நூல்கள் சாவகம் என்று குறிக்கும் ஜாவாத் தீவு அந்நாளில் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. அத்தீவின் வடகரையில் உள்ள செமராங் என்னும் துறைமுக நகரில் 1860-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் ஐந்தோவன் பிறந்தார். தந்தையார் யாக்கோபு ஐந்தோவன் அந்நகரில் மருத்துவராக இருந்தார். அவருடைய மக்கள் அறுவருள் நம் வில்லெம் மூன்றாமவர்.

வில்லெமுக்கு ஆறு வயது நிரம்பிய காலத்தில், 1866-இல், தந்தையார் காலமானார். அயல் மண்ணில் ஆறு குழந்தைகளோடு கைம்பெண்ணாக நின்ற தாயின் நிலையை நம் போன்ற குடிபெயர்ந்த குடும்பத்தினர் எளிதில் உணர்வர். நான்கு ஆண்டுகள் எப்படியோ காலம் தள்ளிய அவ்வம்மையார், 1870-இல் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கப்பலேறி, ஒல்லாந்து நாட்டின் யூட்ரெக்ட் நகரில் குடியமர்ந்தார். பெற்றோரின் தாயகமே பத்து வயதுச் சிறுவனுக்குப் புதிய ஊராயிற்று. இங்கே பிறந்து வளர்ந்து, விடுமுறைக்கு மட்டும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் சென்று வரும் நம் காலனிப் பிள்ளைகளுக்கும் இந்த அனுபவம் புதிதன்று.

உடைந்த கையும் ஒரு கட்டுரையும்

தந்தையின் வழியில் தானும் மருத்துவனாக வேண்டும் என்னும் எண்ணத்தோடு 1878-இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் வில்லெம். புத்தகத்தையே கட்டிக்கொண்டு அழும் மாணவர் அல்லர் அவர். உடற்பயிற்சியிலும் வாட்பயிற்சியிலும் படகு விடுவதிலும் பெருவிருப்பம் உடையவர். மாணவர்க்கென அங்கே ஒரு படகுச் சங்கம் தோன்றுவதற்கும் முன்னின்றவர்.

ஒரு நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். வேறொருவராயின் விதியை நொந்து படுத்திருப்பர். இவரோ, அசைக்க முடியாத அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்து, முழங்கை மூட்டும் முன்கையும் எவ்வாறு புரள்கின்றன, திரும்புகின்றன என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். துன்பம் வந்தவிடத்தும் அதனை அளந்து பார்க்கும் இக்குணமே பிற்காலத்தில் அவரை உயர்த்தியது என்பது என் எண்ணம்.

1885-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் லெய்டன் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 25. மறு ஆண்டு அப்பதவியை ஏற்றார். தம் உறவினரான பிரெடெரிக் என்னும் மங்கையை மணந்ததும் அந்த 1886-ஆம் ஆண்டிலேயே ஆகும். பெண்மக்கள் மூவரும் மகன் ஒருவனும் பிறந்தனர். அன்று ஏற்ற பேராசிரியப் பதவியில், அதே லெய்டன் நகரில், இறக்கும் வரை இருந்தார். பதவி உயர்வுக்காக ஊர் ஊராக மாறிச் செல்லும் நமக்கு இது வியப்பாகவே தோன்றும்.

உப்பு நீரில் நின்ற நாய்

இதயம் துடிக்கும்போதெல்லாம் அதில் மிக நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது என்பதை விலங்குகளிடம் அறிஞர்கள் முன்னரே கண்டிருந்தனர். உடலைக் கீறாமல், மனிதனின் தோலின் மேலிருந்தே அம்மின்சாரத்தைப் பதிய முடியும் என்று 1887-இல் இலண்டனில் காட்டியவர் அகஸ்டஸ் வாலர் என்பவர். இவர் தம் வளர்ப்பு நாயையும் சோதனைக்குப் பயன்படுத்தினார். ஜிம்மி என்னும் அந்த நாய், உப்பு நீர் நிறைந்த கலங்களில் கால்களை வைத்துக்கொண்டு அமைதியாக நிற்கும். நீரிலிருந்து கம்பிகள் கருவிக்குச் செல்லும். இதனைக் கேள்வியுற்ற சிலர் நாயைத் துன்புறுத்துவதாக எண்ணியதால், 1909-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்திலேயே வினா எழுந்தது. அக்கலங்களில் இருந்தது வெறும் சமையல் உப்புக் கரைத்த நீர்தான் என்று அமைச்சர் விளக்க வேண்டியதாயிற்று.

1889-இல் பாசெல் நகரில் கூடிய உலக உடலியங்கியல் மாநாட்டில் வாலரின் செய்முறையை ஐந்தோவன் நேரில் கண்டார். ஏனையோர் கண்டு களித்துச் சென்றனர். இவர் உள்ளத்தில் அது வேரூன்றிவிட்டது. இதனால் மருத்துவமனைக்குப் பெரும்பயன் விளையும் என்று அந்நாளில் வாலரே கருதவில்லை. ஐந்தோவன் கருதினார்.

பாதரசமும் குதிரை வண்டியும்

வாலர் பயன்படுத்திய கருவி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிற்கும் பாதரசம். மின்சாரம் பாயும்போது அந்தப் பாதரசம் சற்றே ஏறி இறங்கும். ஆனால் பாதரசம் கனமானது. இதயத்தின் விரைவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்கும். ஆதலின் கிடைத்த கோடு உண்மையான கோடு அன்று, மழுங்கிய கோடு.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஐந்தோவனின் ஆய்வுக்கூடம் பழைய கட்டிடம். வெளியே கற்கள் பாவிய தெருவில் குதிரை வண்டி ஒன்று சென்றால் போதும். தரை அதிரும், பாதரசம் நடுங்கும், அன்றைய உழைப்பு வீணாகும். இருப்புப்பாதை ஓரத்துக் குடியிருப்பில் வாழ்ந்து, சரக்கு வண்டி செல்லும்போது அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கக் கேட்டவர்களுக்கு அவருடைய இடர் நன்கு விளங்கும். தரையைத் தோண்டிப் பெருங்கற்களை இட்டுக் கருவிக்கு உறுதியான அடித்தளம் அமைத்துப் பார்த்தார். அதிர்வு முற்றும் நீங்கவில்லை.

பின்னர், மழுங்கிய கோட்டிலிருந்து உண்மைக் கோட்டைக் கணக்கிட்டுக் காணும் வழியைக் கணிதத்தால் வகுத்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் நீண்ட கணக்கு. அவ்வாறு 1895-இல் திருத்திப் பெற்ற கோட்டின் ஐந்து வளைவுகளுக்குப் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டார். ஏ, பி, சி, டி என்னும் தொடக்க எழுத்துகள் திருத்தப்படாத கோட்டுக்கு முன்னமே செலவாகிவிட்டன. ஐந்தோவன் கண்டவை ஐந்து வளைவுகள் என்பது தமிழ்ச் செவிக்கு இனிய பொருத்தம். இன்றளவும் உலகெங்கும் மருத்துவர் அப்பெயர்களையே வழங்குகின்றனர்.

நூலிழை

ஒவ்வொரு துடிப்புக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நோயாளிக்கு என்ன பயன்? பின்தங்காத கருவி வேண்டும். பல ஆண்டு முயன்று அதனை உருவாக்கி, 1901-இல் முதன்முதலாக விளக்கி எழுதினார். ஆற்றல் மிக்க காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே ஒரு நூலைத் தொங்கவிட்டார். நூலில் மின்சாரம் பாயும்போது காந்தம் அதனை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்நூலின் நிழலை நுண்பெருக்கியால் பல நூறு மடங்கு பெரிதாக்கி, நகரும் ஒளிப்படத் தகட்டின் மேல் வீழ்த்தினால், இதயமே கோடு எழுதும்.

அந்த நூலை அவர் செய்த விதம் கதைபோல் இருக்கும். படிகக் கல்லை உருக்கி, அதன் முனையை ஓர் அம்போடு இணைத்து, வில்லில் பூட்டி எய்வார்கள். அம்பு பறக்கும்போது உருகிய படிகம் கண்ணுக்குத் தெரியாத இழையாக நீளும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறே அவ்விழையின் பருமன். அதன் மேல் வெள்ளிப் பூச்சு ஏற்றுவார்கள். கடலடித் தந்திச் செய்திகளைப் பெறுவதற்காகப் பிரான்சு நாட்டு அடேர் என்பவர் இதனை ஒத்த கம்பிக் கருவியை 1897-இல் அமைத்திருந்தார். அதனைத் தம் எழுத்தில் ஐந்தோவன் மறைக்காது குறிப்பிட்டார். தம் கருவி அதனினும் பன்மடங்கு நுண்ணியது என்பது தெரிந்தும், முன்னோடியின் பெயரை விட்டுவிடவில்லை.

இழை நுண்ணியதாயினும் கருவி பெரியது. நிறை ஏறக்குறைய 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐவர் வேண்டும். காந்தம் சூடேறாதிருக்க ஓயாமல் நீர் பாய்ச்ச வேண்டும். சோதனைக்கு வந்தவர் இரு கைகளையும் இடக்காலையும் உப்பு நீர்க் கலங்களில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருப்பார். இன்று ஒருவர் கைப்பையில் எடுத்துச் செல்லும் கருவியின் பாட்டனார் அவர்தாம்!

இந்தக் கருவியை விற்பனைக்குச் செய்யும் உரிமை முதலில் மியூனிக் நகரத்து எடெல்மான் என்பவரிடம் சென்றது. சில காலத்துக்குப் பின் அவர் உரிமைத் தொகை தருவதை நிறுத்திக்கொண்டார். பிறகு, டார்வின் என்னும் பேரறிஞரின் மகனார் ஹொரேஸ் டார்வின் நடத்திய கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனம் அப்பணியை ஏற்று, 1908-இல் முதற்கருவியை விற்றது. நம் குடியிருப்பின் கேம்பிரிட்ஜ் சாலை வழியாகச் செல்லும்போதெல்லாம் எனக்கு இப்போது இச்செய்தி நினைவுக்கு வருகிறது.

கோட்டின் மொழி

அந்தக் கோட்டை எவ்வாறு படிப்பது? எனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டே சொல்லுகிறேன். இரயில்வே கண்ட்ரோல் அலுவலகத்தில் ஒரு தாள் உண்டு. குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. முன்னாளில் பென்சிலால் வரைந்தனர். இப்போது கணினி வரைகிறது. பழகிய கண்ணுக்கு அக்கோட்டைப் பார்த்தவுடனே எந்த வண்டி எங்கே நின்றது, எங்கே தாமதித்தது என்பது தெரிந்துவிடும். இதயக் கோடும் அத்தகையதே. குறுக்கே நேரம், நெடுக்கே மின்சாரத்தின் அளவு. நொடிக்கு 25 மில்லிமீட்டர் வீதம் தாள் ஓடுகிறது. ஐந்தோவன் கொண்ட அளவே இன்றும் வழக்கில் உள்ளது.

பி என்னும் சிறு மேடு, இதயத்தின் மேலறைகளில் மின் அலை பரவுவதைக் காட்டும். க்யூ, ஆர், எஸ் என்னும் கூரிய வளைவுகள் மூன்றும் கீழறைகளில் அது பரவுவதைக் காட்டும். டி என்னும் மேடு, கீழறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும் நிலையைக் காட்டும். ஒரு நிமிடத்தில் எழுபது எண்பது முறை இவ்வரிசை பிறழாமல் நடைபெற வேண்டும்.

ஒரே திசையிலிருந்து பார்த்தால் போதாது என்று உணர்ந்த ஐந்தோவன், இரு கைகளையும் இடக்காலையும் மூன்று முனைகளாகக் கொண்டு, நடுவே இதயம் இருப்பதாக ஒரு முக்கோணத்தைக் கற்பித்து, 1912-இல் இலண்டன் மருத்துவர்களிடையே விளக்கினார். வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையே ஒரு பார்வை. வலக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே இரண்டாவது. இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடையே மூன்றாவது. முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் இரண்டாவது வர வேண்டும். வராவிடில் எங்கோ தவறு நேர்ந்துள்ளது. நாள் முழுதும் பற்றும் வரவும் சரிபார்க்கும் எழுத்தனாகிய எனக்கு, இவ்விடத்தைப் படித்தபோது அந்த மேதை மிக நெருங்கிய உறவினர்போல் தோன்றினார். இதயத்தின் கணக்கிலும் தணிக்கை உண்டு!

தொலைபேசிக் கம்பியில் வந்த துடிப்பு

ஐந்தோவனின் கருவி ஆய்வுக்கூடத்தில். நோயாளிகளோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் மருத்துவமனையில். கருவியைத் தூக்கிச் செல்ல முடியாது. படுத்த படுக்கையாய் இருப்பவரையும் தூக்கி வர முடியாது. என் செய்வது? தொலைபேசிக் கம்பியால் இரண்டிடத்தையும் இணைத்துவிட்டார். 1905-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள், மருத்துவமனையில் அமர்ந்திருந்த ஒருவரின் இதயத் துடிப்பு ஆய்வுக்கூடத்தில் கோடாகப் பதிந்தது. அவர் நோயாளி அல்லர், நல்ல உடற்கட்டுடையவர். கோட்டில் ஆர் என்னும் முனை உயர்ந்து நின்றது. அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு மிதிவண்டியில் விரைந்து சென்றதே அதற்குக் காரணம் என்று கருதினர்.

நோயாளி ஓரிடத்திலும் கோட்டைப் படிப்பவர் வேறோரிடத்திலும் இருக்கலாம் என்னும் இவ்வுண்மை, நூறு ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டில் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

மாரடைப்பின் அடையாளம்

ஐந்தோவன் கோட்டைத் தந்தார். அக்கோட்டில் மாரடைப்பை அடையாளம் கண்டவர்கள் வேறு சிலர். இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டால் நோயாளி உடனே இறப்பார். இறந்த பின்னர்தான் அதனை அறிய இயலும் என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் நம்பிக்கை. அவ்வாறன்று, அடைப்பு ஏற்பட்டவர் உயிர் பிழைத்திருக்கவும் கூடும், உயிருடன் இருக்கும்போதே நோயை அறியவும் கூடும் என்று 1912-இல் சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் எழுதினார். அப்போது அதனைப் பொருட்படுத்தியவர் அரியர். அவருடன் பணியாற்றிய பிரெட் ஸ்மித் 1918-இல், நாய்களின் இதயக் குழாயைக் கட்டினால் கோட்டில் என்ன மாறுதல் தோன்றுகிறது என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். 1920-இல் நியூயார்க் மருத்துவர் ஹெரால்டு பார்டீ, மாரடைப்புற்ற மனிதர் ஒருவரின் கோட்டிலேயே அம்மாறுதலைக் காட்டினார்.

அந்த அடையாளம் யாதெனின், எஸ் என்னும் வளைவு முடிந்து டி என்னும் மேடு தொடங்கும் வரை கோடு சமதரையில் ஓட வேண்டும். குழாய் முற்றும் அடைபட்டுத் தசை இரத்தமின்றித் தவிக்கும்போது, அச்சமதரை மேலெழுந்து, ஆர் முனையின் தோளிலிருந்தே டி மேடு கிளம்பும். என் தமையனாரின் தாளில் மருத்துவர் விரல் வைத்துக் காட்டிய இடம் அதுதான்.

பின்னர், கைகால்களோடு நில்லாமல் மார்பின் மேலும் ஆறு இடங்களில் கம்பி வைக்கும் முறையை 1938-இல் அமெரிக்க, ஆங்கில இதய மருத்துவர் சங்கங்கள் வரையறுத்தன. 1942-இல் கோல்டுபெர்கர் என்பவர் மேலும் மூன்று பார்வைகளைச் சேர்த்தார். ஐந்தோவனின் மூன்று, மார்பின் ஆறு, கோல்டுபெர்கரின் மூன்று, ஆகப் பன்னிரண்டு. இதயத்தின் எந்தப் பக்கம் தாக்குண்டது என்பதை இப்பன்னிரண்டும் சேர்ந்து தெரிவிக்கும்.

பரிசும் பண்பும்

1924-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு ஐந்தோவனுக்கு அளிக்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். மறு ஆண்டு திசம்பரில் பரிசுச் சொற்பொழிவு ஆற்றியபோது, தம் கருவியை நோயாளிகளிடம் பயன்படுத்தி இதயத் துடிப்பின் கோளாறுகளை விளக்கிய இலண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸின் உழைப்பைப் போற்றினார். அவர் உழைப்பு இல்லாவிடில் தாம் அம்மேடையில் நின்றிருப்பது ஐயமே என்னும் கருத்துப்பட உரைத்தார்.

அவருடைய வாழ்க்கையை எழுதியோர் கூறும் செய்தி ஒன்று உண்டு. கருவியை உருவாக்கிய நாட்களில் அவருக்குத் துணையாக இருந்து, காந்தத்தையும் இழையையும் தம் கைகளால் செப்பனிட்ட உதவியாளர் ஒருவர் இருந்தார். பரிசுத் தொகை கைக்கு வந்ததும் ஐந்தோவன் அவரைத் தேடினார். அவர் இறந்துவிட்டிருந்தார். அவருடைய சகோதரிகள் இருவர் வறியோர் விடுதியில் வாழ்வதை அறிந்து அங்கே சென்று, பரிசுத் தொகையில் பாதியை அவர்களுக்கு அளித்தார் என்பர். அலுவலகங்களில் ஒருவர் எழுதிய குறிப்பின் கீழ் மற்றொருவர் கையொப்பம் இடுவதைக் கண்டு பழகிய நமக்கு, இச்செய்தி கண்ணை நனைக்கும்.

1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் ஐந்தோவன் தம் 67-ஆம் வயதில் லெய்டனில் காலமானார். அவ்வூரை அடுத்த ஊக்ஸ்ட்கீஸ்ட் என்னும் சிற்றூர்த் தேவாலயத்து வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய மகனார் வில்லெம் மின்பொறியாளராகி, தந்தையின் நூலிழைக் கருவியைக் கம்பியில்லாத் தந்திக்குப் பயன்படுத்தினார். தந்தை பிறந்த ஜாவாவிலேயே, பாண்டுங் நகரின் வானொலி ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

நம் நாட்டில்

லெய்டன் நகரில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடிய கம்பியை மறந்துவிட வேண்டாம். 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு தொகுதிகளாக மருத்துவமனைகளை இணைத்து ஒரு முயற்சி நடந்தது. சிறிய மருத்துவமனையிலும் ஆம்புலன்சிலும் எடுத்த கோடு பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்பப்பட்டது. 2,420 நோயாளிகளை உட்படுத்திய அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. இணைப்பு ஏற்படுவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6; இணைப்பு ஏற்பட்ட பின் 14.2. எண் சிறிதாகத் தோன்றலாம். ஆயிரம் பேரில் முப்பத்து நான்கு குடும்பங்களுக்கு அதுவே எல்லாம்.

நாம் வாழும் கருநாடகத்திலும் அத்தகைய திட்டம் வந்தது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் திடீரென மறைந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர் பெயரால் மாநில அரசு தொடங்கிய திட்டத்தின்படி, வட்டத் தலைநகர் மருத்துவமனைகளில் எடுக்கப்படும் கோட்டை ஜெயதேவா இதய மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள வல்லுநர் பார்த்து வழிகாட்ட, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து அவ்விடத்திலேயே இலவசமாக அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது.

நாம் செய்ய வேண்டுவது

இத்தனை பேர் இத்தனை ஆண்டு உழைத்தும், கோட்டை எடுக்கும் இடத்துக்கு நோயாளியைக் கொண்டு சேர்க்கும் வேலை இன்னும் நம்மிடமே இருக்கிறது. நான் தவறிய இடமும் அதுவே.

குழாய் அடைபட்டு அரை மணி அளவில் இதயத் தசை மடியத் தொடங்கும். மணிக்கு மணி சேதம் பரவும். ஆதலின், மார்பு வலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு மருத்துவ உலகம் வகுத்துள்ள விதி. அந்தப் பத்து நிமிடம் தொடங்குவது மருத்துவமனை வாயிலில். அதற்கு முன் நம் வீட்டில் கழியும் மணிகளுக்கு எந்த விதியும் இல்லை.

மார்பின் நடுவே பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் வாயு என்று தீர்ப்புக் கூற வேண்டாம். பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியே இல்லாமல் களைப்பாகவும் குமட்டலாகவும் வருவதுண்டு. சமையலறையில் நின்றபடியே பொறுத்துக்கொள்ளும் நம் தாய்மார்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். நோயாளியைத் தாமே வண்டி ஓட்டிச் செல்ல விடாமல் 108-ஐ அழையுங்கள், அல்லது இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள அண்மை மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. முதலில் எடுத்த கோடு நன்றாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. சில வேளைகளில் மாறுதல் பின்னரே தோன்றும். வலி நீடித்தால் மீண்டும் எடுக்க வேண்டும்; இரத்தச் சோதனையும் செய்ய வேண்டும். மருத்துவர் இருக்கச் சொன்னால் வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள்.

என் தமையனாரின் தாளை ஆண்டுக்கு ஒரு முறை, அவர் மறைந்த நாளில், எடுத்துப் பார்ப்பேன். முன்பு அதில் மேடு பள்ளம் மட்டுமே தெரிந்தது. இப்போது அதனைப் படிக்கத் தெரிகிறது. விடியற்காலையில் வாயிற்படியில் அமர்ந்து அவர் எனக்குச் சொன்னதையே அவருடைய இதயமும் அத்தாளில் எழுதியிருக்கிறது. சாவகத்தில் பிறந்து லெய்டனில் மறைந்த ஒரு பெருமகனார் அந்த எழுத்தைக் காணும் கண்ணை உலகுக்குத் தந்து சென்றார். நம் காலனியில் இனி எந்த வீட்டிலும் அந்தத் தாள் காலங்கடந்து எடுக்கப்படாதிருக்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனைப் பெற்றவனாவேன்.

வாழ்க ஐந்தோவன் புகழ்! வளர்க நம் சங்கம்!